பெயர் சொல்லிச் சுடு

மே 3

காலையில் வேலியோரம் இன்னொரு ஆட்டுக்குட்டி. குரல்வளையில் கடி. விலாவைத் திறந்து ஈரலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விட்டுப் போயிருக்கிறது. நரிதான். ரூய்கட் என்கிற காட்டுப்பூனையாக இருந்தால் தோளில் நகக்கீறல் இருக்கும். நரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. விருந்துக்கு வந்த என் நாத்தனார் மாதிரி, நல்ல துண்டு எதுவோ அதை மட்டும்.

இரவு போனோம். பண்ணையாள் ஐவன் பிக்கப்பை ஓட்டினான். நானும் என் புருஷன் லோரன்ஸும் பின்னால் நின்றோம். என் கையில் விளக்கு, அவன் கையில் ரைபிள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டை இல்லாமல் முடிந்த ஒரே வேலைப் பங்கீடு இது.

காற்றாலைக்கு அப்பால் ஒரு ஜோடிக் கண் எரிந்தது. நான் உதட்டை அசைக்காமல், "நரி. இடது பக்கமாத் திரும்பி நிக்குது. வலது கண்ணுக்கு ஒரு சாண் கீழ நெஞ்சு," என்றேன். லோரன்ஸ் ஊருக்கே கேட்கிற மாதிரி, "நரி," என்றான். சுட்டான். விழுந்தது.

பெயர் சொல்லிவிட்டுத்தான் சுட வேண்டும். இது எங்கள் வேட்டைச் சங்கத்தின் முதல் விதி. பக்கத்துப் பண்ணை ஸ்டோஃபலின் அப்பா ஒரு ராத்திரி தன் சொந்தக் கழுதையைச் சுட்டுவிட்டுப் பாதிரியாரைக் கூப்பிட்ட நாளிலிருந்து அமலில் இருக்கிறது. கண்ணை மட்டும் பார்த்துச் சுடக்கூடாது. உடம்பைப் பார்க்க வேண்டும், காதைப் பார்க்க வேண்டும், வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். வண்டியில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் "இல்லை" என்று சொல்லலாம், உடனே விளக்கு அணையும்.

முதலில் நான் காதில் சொல்வேன், அப்புறம் அவன் ஊருக்குச் சொல்வான் என்பது விதியில் இல்லை. அது போன குளிர்காலத்திற்கு முந்தின குளிர்காலத்தில் தானாக ஆரம்பித்தது. ஒத்தாசை என்று நினைத்துச் செய்தேன். மாவட்டத்திலேயே நல்ல சூடுகாரன் என்று சங்கத்தில் அவனுக்குப் பெயர். எனக்கு என்ன பெயர்? விளக்குப் பிடிக்கிறவள்.

மே 4

தோல் உரித்தோம். பெட்டை. குட்டி தின்றது இது இல்லை என்கிறான் ஐவன், பல் ரொம்பச் சின்னதாம். பிரமாதம்.

மே 11

ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தியதும் லோரன்ஸ் நடைக்கதவுக்குப் பதிலாகப் பாத்திர அலமாரிக்குள் நடந்துபோனான். அம்மா கொடுத்த சூப்புக் கிண்ணம் காலி.

"இத யாரு இங்க வெச்சது?" என்றான்.

"அலமாரியா? உங்க தாத்தா வெச்சாரு."

சிரித்தேன். படுத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அலமாரியைச் சுற்றி ஐம்பத்தெட்டு வருஷமாக நடக்கிறான். போன மாதம் மாலைக் கூட்டம் முடிந்து தேவாலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அப்போது பக்கத்தில் நின்ற பெண்கள், "இந்த வயசுலயும் எப்படி இருக்காங்க பாரு," என்றார்கள். நானும் மண்டு மாதிரி மகிழ்ந்துபோனேன். கல்யாணமான புதிதில் கூடப் பிடிக்காத கையை இப்போது ஏன் பிடிக்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

சந்தியா வேளைக்குப் பிறகு அவன் வண்டி ஓட்டியே எவ்வளவு காலம் ஆயிற்று? எப்போதும் ஐவன், இல்லாவிட்டால் நான். "முதுகு வலி" என்பான். ராத்திரி மட்டும் வலிக்கிற முதுகு.

மே 19

செய்துவிட்டேன். செய்திருக்கக்கூடாதோ?

பிராந்தி பாட்டில் மூடிகள் இரண்டை எடுத்து, பழைய ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற வேலிக் கம்பத்தில் நரிக் கண் இடைவெளியில் ஆணியடித்து வைத்தேன். பகலில் பார்த்தால் ஒரு கிறுக்கி கம்பத்துக்கு முகம் செய்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். பின்னால் மலைச்சரிவு, குண்டு போனாலும் மண்ணில்தான் போகும். அதையும் பார்த்துத்தான் செய்தேன்.

இரவு ஐவனிடம் வண்டியை அந்தப் பக்கம் விடச் சொன்னேன். விளக்கைத் திருப்பினேன். மூடிகள் இரண்டும் பளபளத்தன. அதற்குக் கீழே, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி, ஒரு கம்பம். காலில்லை, காதில்லை, வாலில்லை, கம்பம்.

"நரி," என்று முணுமுணுத்தேன். "நேரா நம்மளப் பாத்து உக்காந்திருக்கு."

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நரி," என்று கம்பீரமாகச் சொன்னான். சுட்டான். கட்டையில் அடி விழுந்த சத்தம் எனக்கே எலும்பில் இறங்கியது.

"விழுந்துட்டான்," என்றான் லோரன்ஸ். "பெரிய ஆண்."

ஐவன் முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்குவதைப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "காலையில எடுத்துக்கலாம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

மே 20

ஐவன் காபிக்கு வந்தபோது லோரன்ஸ் கேட்கிற தூரத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அம்மா, அந்தக் கம்பத்துக்குத் தோல் உரிக்கணுமா, இல்ல அப்படியே உப்புக்கண்டம் போட்டுடலாமா?" என்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஐயா போன வருஷம் எனக்குப் பதிலா கேட்டுக்குக் குட் நைட் சொன்னாரே, அப்பவே."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு நான் இருந்தேன், அம்மா."

போய்ப் பார்த்தேன். இரண்டு மூடிக்கும் நடுவில், ஒரு சாண் கீழே, சுத்தமான ஓட்டை. நரியாக இருந்திருந்தால் நெஞ்சு. கை நடுங்கவில்லை, குறி தப்பவில்லை. எதைச் சுடுகிறான் என்பது மட்டும் தெரியவில்லை. மூடிகளைப் பிடுங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நேற்று சிரிப்பாக இருந்தது. இன்று அங்கே நின்று அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நான் "நரி" என்று சொல்லியிருந்தால் எதை வேண்டுமானாலும் சுட்டிருப்பான். இந்த இரண்டு குளிர்காலமும் விசையை இழுத்தது அவன் விரல், ஆனால் சுட்டது நான். எனக்கு ஒரு நாள் தூக்கம் வந்திருந்தால்? தப்பாகச் சொல்லியிருந்தால்? கடவுளே, நானே கண்ணாடி போட்டவள்.

மே 21

சொல்லவில்லை. இறைச்சி நன்றாக வெந்திருந்தது, லோரன்ஸின் சாப்பாட்டைக் கெடுக்க மனமில்லை.

ஜூன் 2

ரைபிளின் போல்ட்டைக் கழற்றி ரஸ்க் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் தடி, நரி மேல் வேண்டுமானால் தூக்கி எறியலாம். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். டாக்டர் ரஸ்க் தின்னக் கூடாது என்று சொன்ன மனுஷன் டப்பாவின் அடிவரைக்கும் போயிருக்கிறான்.

"இது ஏன் இதுக்குள்ள கெடக்கு?" என்றான், வாய் நிறைய ரஸ்க்.

"நீ ஏன் அதுக்குள்ள கெடக்க?" என்றேன்.

போல்ட்டை எடுத்துப்போய் அவனே மாட்டிக்கொண்டான், நான் டப்பாவை மூடி வைத்தேன். தைரியம் இருக்கிற பெண் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

ஜூன் 6

இன்று வெடித்துவிட்டது.

ஸ்டோஃபல் வயர்லெஸ் ரேடியோவில் கூப்பிட்டான். அவன் பக்கத்தில் ஒரே வாரத்தில் ஏகப்பட்ட குட்டிகள் போயிருக்கின்றன. பதினாலாம் தேதி சங்கம் முழுவதும் அவன் பண்ணையில் இறங்குகிறது, முதல் வண்டியில் லோரன்ஸ்தான் சுட வேண்டும், வேறு யாரை நம்புவது என்றான். லோரன்ஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "வரேன்," என்றான்.

"வரலன்னு சொல்லு," என்றேன்.

"எதுக்கு?"

"உனக்கு ராத்திரியில கண்ணு தெரியல."

"யாரு சொன்னா? போன மாசம் பழைய பட்டிகிட்ட ஒரு பெரிய ஆணப் போட்டேனே, அது யாரு, உங்க அப்பாவா?"

நானும் யோசிக்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து மூடிகளை எடுத்து மேஜை மேல் போட்டேன். உருண்டு அவன் தட்டுக்குப் பக்கத்தில் நின்றன.

"இதான் உன் பெரிய ஆண். மிச்சம் கம்பம். போய்ப் பாத்துக்கோ."

ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பகலில் அவனுக்கு எல்லாம் தெரியும், மூடியில் இருக்கிற எழுத்துகூடத் தெரியும்.

"நீயா வெச்ச?"

"நான்தான்."

"ஐவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடிக்கிற ஆளில்லை, கத்துகிற ஆளுமில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் சரியாகியிருப்போம். இப்படி ஒரு புருஷனைச் செய்து அனுப்பியவரிடம் எனக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது.

ஜூன் 9

பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்க்கிறான், நான் உப்பு எடுத்துத் தருகிறேன். சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பழைய பட்டிப் பக்கம் நடந்துபோய்க் கம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஜூன் 12

சங்கத்தில் ஒரு மணி இருக்கிறது. கிடாய் கழுத்தில் கட்டுகிற பித்தளை மணி. தப்பான மிருகத்தைச் சுட்டவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கறி சுடுகிற விருந்துக்கு வர வேண்டும், அடுத்தவன் தப்புச் செய்கிறவரைக்கும் அவனுடையது. இப்போது அது கசாப்புக்கடை பெர்டஸிடம் இருக்கிறது. கறையானைத் தவிர வேறெதையும் தொடாத மண் ஓநாயை நரி என்று சொல்லிச் சுட்டான். எட்டு மாதமாக மணியோடு நடமாடி, அவன் எங்கே குடிக்கிறான் என்பது பெண்டாட்டிக்கு உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது.

லோரன்ஸ் பயப்படுவது மணிக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். மணி மாட்டினாலும் மறுநாள் ரைபிளைக் கையில் கொடுப்பார்கள், கண் தெரியாது என்று தெரிந்தால் கொடுக்கமாட்டார்கள்.

ஜூன் 14

விடியப் போகிறது. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் அவனாகவே பேசினான், எட்டு நாளுக்குப் பிறகு.

"என் காலுறை எங்க?"

"போகப் போறியா?"

"போவேன்."

"போ. நானும் வரேன், விளக்கும் பிடிக்கிறேன். ஆனா காதுல ஓதமாட்டேன். நீயே பாத்து நீயே பேரு சொல்லணும்."

"யாரு ஓதச் சொன்னா உன்னை?" என்றான்.

"சரி," என்றேன். காலுறை அவன் கையிலேயே இருந்தது.

ஸ்டோஃபலின் பண்ணையில் மற்றவர்கள் தெற்கே போனார்கள். எங்கள் வண்டியில் ஐவன் ஓட்ட, நாங்கள் இருவரும் முன்பக்கம் பார்த்து நிற்க, ஸ்டோஃபல் முதுகைக் காட்டிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். மூன்றாமவன் பின்னால் பார்க்க வேண்டும், அதுவும் விதி. ஜூன் மாதக் குளிர் காதை அறுத்தது. நிலாவும் இல்லை. ஸ்டோஃபலின் ஆள் ஒருவன் குட்டிகளோடு வெளியே படுப்பது வழக்கம். இன்று தகரக் கொட்டகையில் படுக்கச் சொல்லியிருப்பதாக ஸ்டோஃபல் சொன்னான். அதை நம்பி ஏறினோம்.

ஒரு சின்ன மேட்டில் ஏறி நின்றோம். விளக்கைச் சுழற்றினேன். ஆடுகள், பச்சை பச்சையாக ஒரு கூட்டம் கண். அதற்கு இந்தப் பக்கம், தனியாக, தாழ்வாக, ஒரு ஜோடி.

நாய். ஸ்டோஃபலின் காவல் நாய் சுல்தான், கன்றுக்குட்டி பெரிசு, படுத்த வாக்கில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. கழுத்துப் பட்டைகூடத் தெரிந்தது. அதற்கு முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டு ஒரு போர்வை மூட்டை. மூட்டையின் ஓரத்தில் ஒரு செருப்பு.

மனுஷக் கண் மூடியிருந்தால் விளக்கில் மின்னாது, திறந்திருந்தாலும் நரி மாதிரி மின்னாது. லோரன்ஸுக்குத் தெரிந்தது இரண்டு நெருப்புப் புள்ளி மட்டும்தான். ரைபிள் கட்டை தோளில் பதிகிற சத்தம் கேட்டது.

என் கட்டைவிரல் விளக்கின் பொத்தான் மேல் இருந்தது. அவன் வாயிலிருந்து "ந" வந்தால் போதும், அணைத்திருப்பேன், அவன் மேலேயே விழுந்திருப்பேன். இருந்தாலும், என்ன ஒரு நெஞ்சழுத்தம் எனக்கு. ஒரு மனுஷன் அங்க தூங்கிட்டிருக்கான், நான் இங்க புருஷனுக்குப் பரீட்சை வெச்சிட்டு நிக்கிறேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம். சொல்லியிருந்தா, அடுத்த ராத்திரியும் சொல்லணும். அதுக்கு அடுத்த ராத்திரியும்.

சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

பின்னாலிருந்து ஸ்டோஃபல், "என்னப்பா, கண்ணு இருக்கா? பேரைச் சொல்லு," என்றான்.

லோரன்ஸ் மூச்சு விடுவது கேட்டது. என் பக்கம் தலையைச் சாய்த்தான், பழக்கம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியல," என்றான்.

"என்ன தெரியல?"

"என்ன மிருகம்னு தெரியல, ஸ்டோஃபல். எனக்கு ரெண்டு வருஷமா ஒண்ணுமே தெரியல."

அப்புறம் அவன் எல்லாவற்றையும் விதிப்படி செய்தான். குழலை வானத்துக்குத் திருப்பினான். போல்ட்டைத் திறந்து குண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். வண்டியின் மேல் ரைபிளைக் கை மாற்றக்கூடாது. அதனால் கீழே இறங்கி, ஒரு கையால் வண்டியின் பக்கத்தைத் தடவித் தடவி முன்னால் வந்து, ரைபிளைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். இந்த இருபத்தாறு வருஷத்தில் கார் சாவியைக்கூட அவ்வளவு மரியாதையாக எனக்குக் கொடுத்ததில்லை.

ஸ்டோஃபல் திரும்பி விளக்கின் வழியே பார்த்தான். நாயைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். சங்கக் கூட்டங்களில் ஒன்றரை மணி நேரம் பேசுகிற ஆள், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஆளை எழுப்பப் போன ஐவன் திரும்பி வந்து, "நாய் சூடா இருக்காம், உங்க கொட்டகை இல்லையாம்," என்று சொன்னான்.

ஸ்டோஃபல் கோட்டுக்குள்ளிருந்து பிராந்தியை எடுத்து லோரன்ஸிடம் நீட்டினான். ரைபிள் வண்டியில் இருக்கும்போது குடிக்கக்கூடாது என்பது இரண்டாவது விதி.

"ரைபிள் காலியாத்தானே இருக்கு," என்றான் ஸ்டோஃபல்.

நான்தான் முதலில் வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 15

பகல் முழுவதும் தூங்கினான். நானும். நரிக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

ஜூன் 22

சங்க விருந்து. லோரன்ஸ் வரமாட்டேன் என்றான், காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அவனிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்கள், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. தட்டில் கறியை வெட்டிக்கூட வைத்தாள் ஸ்டோஃபலின் மனைவி ட்ரூயா. பட்டப்பகலில்.

அதைத் தாங்க முடியாமலோ என்னவோ ஐவன் எழுந்து, வேலையாட்களின் நெருப்புப் பக்கத்திலிருந்தே கம்பம் கதையைச் சொல்லிவிட்டான். மூடி, கண், "பெரிய ஆண்," எல்லாம். பிறகு கசாப்புக்கடை பெர்டஸ் மூச்சு முட்டச் சிரித்தான், அவன் கழுத்து மணியும் கூடச் சேர்ந்து அடித்தது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

சங்கம் அங்கேயே கூடித் தீர்ப்புச் சொன்னது. கம்பம் நரி இல்லை என்பதால் தப்பான மிருகம் சுடப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு நரி என்று பெயர் வைத்தவள் விளக்குப் பிடித்தவள். ஆகவே மணி ட்ரீகாவுக்கு, அதாவது எனக்கு.

மாட்டிவிட்டது லோரன்ஸ். அதற்குள் இருட்டிவிட்டதால் கொக்கியைத் தடவிக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. "கிட்ட வா, ஆட்டுக்குட்டி," என்றான் காதுக்குள். ஆறாம் தேதிக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை.

இந்த மணியோடு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிங்.

ஜூலை 9

நகரத்துக் கண் டாக்டர் சின்னப் பையன். மூன்று மணி நேரம் என்னென்னவோ சொட்டு விட்டான், கறுப்புக் குவளைக்குள் பார்க்கச் சொன்னான். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை உதிர்கிறதாம். முதலில் இருட்டுப் பார்வை போகும், அப்புறம் ஓரப் பார்வை, கடைசியில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம். மருந்து கிடையாது. குடும்பத்தில் வருவது என்றான். அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டான்.

"எங்கப்பா வயசாகிக் கண்ணு போனவரு," என்றான் லோரன்ஸ்.

"எந்த வயசுல?"

லோரன்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். திரும்பி வர ஐந்து மணி நேரம், நான் ஓட்டினேன். பாதி வழியில் பொழுது சாய்ந்தது. மணியைக் கழற்றச் சொன்னான், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடித்துத் தொலைக்கிறதாம். கழற்றினேன்.

அதன் பிறகு இருட்டில் அவனே ஆரம்பித்தான். அவன் அப்பா கடைசியில் ஏழு வருஷம் பின்கட்டு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகம்கூட நினைவில்லை, கல்யாணத்துக்கு முந்தின கதை.

"அவர்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம் ட்ரீகா. சாப்பாடு வந்துருச்சு, படுக்கப் போலாம், இவ்வளவுதான். வாசல்ல மழை பெய்யுறதக்கூடச் சொல்லல. கேப்பாரு, என்னடா அங்க, என்னடான்னு. ஒண்ணுமில்லப்பான்னு சொல்லிட்டுப் போவேன். நானுந்தான்."

அழுதேன். அழுதுகொண்டே ஓட்டினால் எனக்கும் ரோடு தெரியாது என்று சொல்லி வாயை மூடச் சொன்னேன்.

ஜூலை 23

இப்போது நான்தான் சுடுகிறேன். ஐவன் விளக்கை வண்டிக் கூரையில் பொருத்தி ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தான். ஒரு கையால் சுழற்றி, நிறுத்தி, ரைபிளுக்குப் போகலாம். சிறுவயதில் அப்பாவோடு சுட்டவள்தான், துரு ஏறிவிட்டது. முதல் நரி கண்ணெதிரே அசையாமல் நின்று தந்தது. "நரி" என்று நானே சொல்லி, நானே கேட்டு, அதற்கு நாலடி தள்ளி ஒரு கல்லைச் சுட்டேன். நரி அவசரப்படாமல் போனது.

வீட்டில் லோரன்ஸ் கட்டிலில் விழித்திருந்தான். "கல்லு," என்றான். சத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

"நீயும் வா," என்றேன்.

"எதுக்கு? மூட்டையாவா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆறு மணிக்கே உடை மாற்றிப் படுக்கிறான் இப்போதெல்லாம். பின்கட்டு அறையைச் சுத்தம் செய்யலாமா என்று நேற்றுக் கேட்டான். அது உருளைக்கிழங்கு அறை, அதில் உனக்கு இடமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 8

குட்டி தின்றவன் விழுந்தான். கிழட்டு ஆண், கோரைப்பல் ஒன்று உடைந்திருந்தது. ஐவன் பல்லைப் பார்த்து இவன்தான் என்றான். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், அவ்வளவாக வரவில்லை. யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? லோரன்ஸிடம் சொன்னேன். "நல்லது," என்றான்.

ஆகஸ்ட் 17

வருகிறாயா என்று இன்று கேட்கவில்லை. சாயங்காலம் அவன் பூட்ஸைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன். கோட்டையும் வைத்தேன். "ஐவன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான், டீசல் வீணாகுது," என்றேன். டீசல் வீணாவதை மட்டும் அந்த மனுஷனால் தாங்க முடியாது. ஏறினான்.

நரி ஒன்றும் இல்லை. ஆடுகளைச் சுற்றி வந்தோம். அவன் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுடுகிறவன் நிற்கிற இடத்திலேயே நின்றான். நான் விளக்கைச் சுழற்றிக்கொண்டே போனேன். பழக்கத்தில் அவன் தலை என் பக்கம் சாய்ந்தது. சொல்ல நரி இல்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு குளிர்காலமாக அந்தக் காதில் நான் சொன்னதெல்லாம் கொல்ல வேண்டியதன் பெயரை மட்டும்தான். இந்த நிலத்தில் இருக்கிற மற்ற எதையும் சொன்னதில்லை.

"துள்ளுமுயல்," என்றேன். "ரெண்டு. ஒண்ணு நிக்குது, இன்னொண்ணு மண்ணுல மூக்க விட்டுட்டு நம்மள மதிக்கவே இல்ல."

தலை இன்னும் கிட்ட வந்தது. கேட்டுக்கொண்டிருந்தான்.

"வௌவால்காது நரி ஜோடி, பூச்சி மட்டும் தின்னுறது. காதப் பாத்தா உங்க அக்கா ஞாபகம் வருது. அந்தப் பக்கம் ஸ்டீன்பொக் மான் ஒண்ணு, படுத்துக்கிட்டே இருக்கு. வேலிக் கம்பியெல்லாம் வெள்ளையா உறைஞ்சிருக்கு. நம்ம கம்பம் நிக்குது, சுகமா இருக்கு. காத்தாலை சுத்தல. ஒரு ஆடு குட்டி போட்டிருக்கு, இப்பத்தான், இன்னும் ஈரம். ரெண்டாவது வருதான்னு பாக்குது."

"வருதா?"

"வருது. தலை தெரியுது."

ஐவன் எஞ்சினை அணைத்துவிட்டான், யாரும் சொல்லாமலே. இரண்டாவது குட்டி விழுந்து எழுந்து நிற்கிறவரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து என் கோட்டைப் பிடித்துக்கொண்டான்.

திரும்புகிற வழியில் எல்லை வேலி வந்தது. அதற்கு அப்பால் ஸ்டோஃபல் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடி. அதில் ஸ்டோஃபலின் நீள உள்காற்சட்டை ஒன்று பனியில் உறைந்து, இரண்டு காலையும் விறைத்துக்கொண்டு, தலையில்லாத ஆள் மாதிரி நின்றது. அதையும் சொன்னேன். ஒன்றையும் மறைப்பதில்லை என்று ஆகிவிட்டதே.

லோரன்ஸ் நிமிர்ந்து நின்றான். விதிப்படி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஸ்டோஃபலின் உள்காற்சட்டை," என்றான். "சுடு."

ஐவன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் சுடக்கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் ஸ்டோஃபல் பிழைத்தான். விளக்கை வேறு பக்கம் திருப்பினேன்.

"அடுத்து என்ன?" என்றான்.